மழை பெய்யாத நாள்

சபையில் அவளைச் சாட்சியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் வரும். பாஸ்டர் "யாராவது..." என்று இழுப்பதற்குள் அவள் எழுந்து நிற்பாள். புருஷன் செத்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த மூன்றாம் மாதம், கொட்டும் மழையில் அண்ணி இவள் பையைத் தூக்கி வாசலில் வைத்ததையும், அந்த அண்ணியைத் தான் முழு மனதோடு மன்னித்ததையும் சொல்லுவாள். பன்னிரண்டு வருஷமாக அதே சாட்சிதான். ஆனாலும் முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

வேலை ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, கீல்களில் ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பிப் பார்த்து, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு பொட்டலம்கூடக் குறை சொல்லி அவளிடம் திரும்பி வந்ததில்லை.

அந்த ஞாயிறு, சாட்சி சொல்லிவிட்டு உட்காரும்போது கடைசி வரிசையில் அண்ணன் மகளைப் பார்த்தாள். பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இருபத்தொரு வயசு, அண்ணியின் அதே நெற்றி. தோழியோடு தற்செயலாக வந்தவள். ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருந்தாள்.

"அத்தை, அன்னைக்கு மழை பெய்யலையே."

"என்னடி?"

"நல்ல வெயில். நான் அடுப்படி வாசல்ல நின்னுட்டிருந்தேன், ஒன்பது வயசு எனக்கு. பையை அம்மா தொடவே இல்ல. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "போறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்த்து ஒண்ணு சொன்னீங்க. அதை மட்டும் ஏன் அத்தை சொல்ல மாட்டேங்கறீங்க?"

தோழி கூப்பிட, போய்விட்டாள்.

சின்னப்பிள்ளை, ஏதோ உளறுகிறது என்று சாட்சியம்மா பஸ் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், தொட முடியவில்லை. ஒரு வேலையையும் முடிக்காமல் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் தன்னைச் சோதித்துப் பார்ப்பது அவள் வழக்கம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பஸ் கண்டக்டரிடம் எரிந்து விழுந்தது, ஜெபத்தில் தூங்கிவழிந்தது, இப்படி நாலைந்து. இந்தச் சனிக்கிழமை அந்தப் பட்டியலுக்குள் அவளால் போகவே முடியவில்லை. அண்ணி வீட்டு நடுக்கூடம் கண்முன் வந்து நின்றது. ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் விழுந்திருந்தது. அண்ணி தொட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்து நான்காம் நாளில் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏதோ துவைத்த துணியை எடுத்து வைக்காததில் தொடங்கிய பேச்சு, வளர்ந்து வளர்ந்து தடித்தது. கடைசியில் தன் குரலையே கேட்டாள்: "உன் கையில வளர்றதுக்கு அது போனதே மேல்."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வந்தபோது, தான் எடுக்காமல் பக்கத்திலிருந்தவளிடம் நகர்த்திவிட்டாள். திங்கட்கிழமை தியேட்டரிலிருந்து ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. உள்ளே இடுக்கி ஒன்று குறைந்திருந்தது. "உடம்பு சரியில்லையா?" என்றார் சூப்பர்வைசர். தலையை ஆட்டிவைத்தாள்.

புதன்கிழமை பாஸ்டரிடம் போனாள். அவளைவிடப் பத்து வயசு இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க சாட்சியை நான் மூணு பிரசங்கத்துல எடுத்துச் சொல்லியிருக்கேன்மா. பக்கத்து ஊர் சபையிலகூட."

"இப்ப நான் என்ன பண்றது?"

"தெரியலம்மா. பன்னிரண்டு வருஷமா நாம ரெண்டு பேரும் அதே இடத்துல நின்னுட்டிருந்திருக்கோம். விசுவாசத்துல வளர்ந்துட்டோம்னு வேற நினைச்சுக்கிட்டோம்." கையிலிருந்த பைபிளை மூடி வைத்தார். "அவங்க வீடு தூரமா?"

தூரமில்லை, நாற்பது நிமிஷம். ஆனால் போய்ச் சேர மூன்று தடவை கிளம்ப வேண்டியிருந்தது. முதல் தடவை தெருமுனையோடு திரும்பினாள். இரண்டாவது தடவை மாடிப்படி வரை. மூன்றாவது தடவை, அவள் பெல்லைத் தொடுமுன்பே குப்பை வாளியோடு அண்ணி கதவைத் திறந்துவிட்டாள்.

"என்ன?" என்றாள் அண்ணி. வா என்று சொல்லவில்லை.

அவள் படியிலேயே நின்று சொன்னாள். சுற்றி வளைக்காமல், அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லி, "அதைச் சொன்னது நான்தான் அண்ணி" என்றாள்.

அண்ணி வாளியைக் கீழே வைத்தாள். "மழை எப்படி வந்துச்சு? பொண்ணு வந்து சொன்னா."

"முதல் வருஷம் மேகமா இருந்துச்சுன்னுதான் சொன்னேன். அப்புறம் தூறல். எனக்கே தெரியாம பெருசாயிடுச்சு."

அண்ணிக்குச் சிரிப்பு வருவது போல வந்து, முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "நாலு நாள் இருந்துச்சு அது. பேர்கூட வச்சிருந்தோம். யாரும் கேட்டதில்ல." பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். சாட்சியம்மா முதல் முறையாக அதைக் கேட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

"இன்னைக்கு முடியாது," என்றாள் அண்ணி. "மன்னிச்சிட்டேன்னு போய் சபையில சொல்லிடாதே."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். நான் போனது அண்ணிக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா? முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வி வந்தால் ஒரு பாட்டைப் பாடி அடக்கிவிடுவாள். இப்போது அது அவளோடு அடுப்படிக்கும் வந்தது, வேலைக்கும் வந்தது.

அடுத்த மாதம் சாட்சி நேரத்தில் எழுந்தாள். "நான் இத்தனை நாள் சொன்னதுல பாதி நிஜமில்ல. அண்ணி என்னைத் துரத்தல. நான்தான் அவங்களைக் காயப்படுத்திட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். முன்வரிசையில் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்தில் அப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

பிறகு மாதம் ஒருமுறையாவது அண்ணி வீட்டுக்குப் போனாள். சில நாள் அண்ணி உட்காரச் சொல்வாள், சில நாள் "வேலையிருக்கு" என்று கதவைச் சாத்திவிடுவாள்.

ஏழாவது மாதம் ஒருநாள், ஆஸ்பத்திரியில் கத்தரிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன். எனக்குப் பரீட்சை, அப்பா ஊர்ல இல்ல. கூட யார் இருப்பான்னு கேட்டேன். உங்களைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க."

சாட்சியம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, லீவு கேட்க சூப்பர்வைசர் அறையைப் பார்த்து நடந்தாள்.