ஆதாரமற்ற ஒரு செய்தி

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் பெண் தொழிலாளர்கள் மட்டும் தங்கும் அந்த விடுதியில், கீழ்த்தளத்தில் ஒரு செய்தி பிறந்தால் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் பல்லி கிடந்தது என்பார்கள். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போகிறது, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பார்கள். அப்போதெல்லாம் வார்டன் கங்கம்மாள் முத்துச்செல்வியைத்தான் தேடி வருவாள்.

"முத்து, நல்ல தமிழ்ல ஒண்ணு எழுதி ஒட்டும்மா. பாதிப் பேரு சோறு துன்னாம குந்திகினு கீதுங்க."

முத்துச்செல்வி நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பி.ஏ. தமிழ் படித்தவள். படித்த படிப்புக்கும் செல்போனுக்குள் திருகாணி முடுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் படிப்பு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. விடுதியின் அறிவிப்புப் பலகை முழுக்க அவள் கையெழுத்துதான். 'குடிநீர் பற்றிய ஆதாரமற்ற தகவல்களை நம்ப வேண்டாம்.' 'வேலை போய்விடும் என்ற ஆதாரமற்ற அச்சம் தேவையில்லை.'

அவளுடைய அறையில் எட்டுப் பேர். 'ஆதாரமற்ற' என்ற அந்தச் சொல் அவர்கள் எல்லார் வாயிலும் தொற்றிக்கொண்டது. மூன்றாம் மாடிக் குளியலறையில் பேய் இருக்கிறது என்பது ஆதாரமற்ற பயம். தங்கமாரி குறட்டை விடுகிறாள் என்பது ஆதாரமற்ற குற்றச்சாட்டு. இப்படிச் சொன்னது தங்கமாரியேதான். மற்ற ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியே போட்டுக்கொண்டு போகிற துணிமணி எல்லாம் பொது. ஷிப்டில் இருக்கிறவள் சுடிதாரை லீவில் இருக்கிறவள் போட்டுக்கொள்வாள். திரும்பி வந்ததும் துவைத்துக் காயப் போட்டுவிட வேண்டும், அதுதான் ஒரே சட்டம். எல்லாருக்கும் பிடித்தது முத்துச்செல்வியின் மாம்பழ மஞ்சள் சுடிதார். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அவள் அம்மா சொர்ணம்மாள் முதுகில் மயில் பூவேலை வைத்துத் தைத்துக் கொடுத்தது. கொடைக்கு வந்த அத்தனை பேர் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து வந்த முத்துச்செல்வி, போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கினாள். மஞ்சள் சுடிதாரை அறைத்தோழி ஷாரோன் போட்டுக்கொண்டு போனாள். நாசரேத்துக்காரியான ஷாரோனுக்கு அன்பு என்று ஒரு பையன் இருந்தான். குன்றத்தூர்க்காரன், ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. ஷாரோனின் அக்கா கல்யாணம் முடிகிறவரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரும் பொறுமையாக இருந்தார்கள். அவர்கள் விஷயம் முத்துச்செல்வி ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெயிலுக்காகப் பைக்கில் போகிற பெண்கள் எல்லாரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிற ஊர் இது. ஷாரோனும் மூடிக்கொண்டுதான் அன்புவின் பைக்கில் போனாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற சக்திகுமாருக்குத் தெரிந்தது முதுகும் மயிலும் மட்டும்தான். அவன் முத்துச்செல்வியின் ஊர்க்காரன், பக்கத்துக் கம்பெனியில் வேலை. கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். பார்த்ததைத் தன் அம்மாவிடம் சொன்னான், பார்க்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். பைக்கில் ஏறினாள் என்று கிளம்பிய பேச்சு, ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் மாலையும் மாற்றிவிட்டது. பாவிகள், தாலி கட்ட மட்டும்தான் பாக்கி.

அவள் அப்பா வானமாமலை போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். எடுக்காத போனே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. சாயங்காலம் முத்துச்செல்வி எழுந்து பதறிப்போய்க் கூப்பிட்டபோது அம்மாதான் எடுத்தாள்.

"ஏளா, அப்பா பஸ் ஏறிட்டாவ. எதுக்குட்டி போன எடுக்கல?" என்று அழுதாள் சொர்ணம்மாள்.

மறுநாள் காலை விடுதியின் முன்னறையில் வானமாமலை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் கண்ணில்தான் முதலில் தண்ணீர் வந்தது. முத்துச்செல்விக்கு உயிர் வந்தது. அடுத்த மாதம் அவளை லைன் லீடராகப் போடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் அதை நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தாள்.

"கேட்டைத் தாண்டலங்க உங்க பொண்ணு. தூங்கினு இருந்துச்சு, நானே பார்த்தேன்" என்றாள் கங்கம்மாள்.

"அப்பம் அந்தச் சுடிதாரு?" என்றார் வானமாமலை.

ஒரு பெயரைச் சொன்னால் போதும், முத்துச்செல்வி தப்பித்துவிடலாம். ஆனால் எவ்வளவோ வாக்கியங்களில் அந்தச் சொல்லை வைத்து எழுதியவளுக்கு, தனக்கு வந்த பழி ஆதாரமற்றது என்று சொல்ல அந்த ஒரு பெயரைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

கதவோரம் நின்ற ஷாரோன் அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"அப்பா, வண்டில போனது நான்தான். அவ சுடிதார நான் போட்டுருந்தேன். அவன் பேரு அன்பு. நாங்க கல்யாணம் பண்ணிக்கிடப் போறோம்." வானமாமலை பேசாமல் இருக்கவே, அவளே பயந்து மேலும் மேலும் சொன்னாள். எங்கே சந்தித்தார்கள், எத்தனை நாள் பழக்கம், அக்கா கல்யாணத்துக்காகக் காத்திருப்பது எல்லாமே வெளியே வந்துவிட்டது.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கங்கம்மாள் தலையில் கை வைத்தாள். "என் எதிர்க்கவே ஏம்மா சொன்ன? உங்க வூட்டுக்கு நான் போன் பண்ணியாவணுமே. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என் தலைதானே உருளும்" என்றாள். சொன்னபடியே அலுவலக அறைக்குப் போய்ப் போனை எடுத்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வானமாமலை எழுந்தார்.

"பெட்டிய எடுத்துட்டு வாளா."

"எப்பா, அதான் நான் இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்லா?"

"எனக்குத் தெரிஞ்சிட்டு. ஊருக்கு யாரு சொல்லுவா? வீடு வீடா இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போயா சொல்ல முடியும்? நீ வந்து வீட்டு வாசல்ல நின்னாத்தான் வாய மூடுவாவ."

லைன் லீடர் வேலையைச் சொன்னாள். காலைப் பிடித்தாள். "வாளா" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அறையில் தங்கமாரிதான் அழுதுகொண்டே துணிகளை அடுக்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது ஷாரோனின் போன் அடித்தது, அவள் வீட்டிலிருந்துதான். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கத் தைரியமில்லாமல் நின்றாள்.

பஸ் செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் வானமாமலை வாய் திறந்தார். மகளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

"ஏளா, உன்ன நான் சந்தேகப்படல. சுடிதாரு யாரு போட்டா என்னன்னுதான் வந்தேன். பஸ் ஏறும்போதே, உன்னக் கையோட கூட்டிட்டு வாரதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறினேன்."

முத்துச்செல்வி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பம் அவ சொல்லும்போது ஏம்ப்பா நிப்பாட்டல? வேண்டாம்மான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

வானமாமலை யோசித்தார். அப்படி ஒன்று செய்திருக்கலாம் என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியது.