கடைசி வரியில் ஒரு பெயர்

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிசைன் கடை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று யாராவது வந்தால், அச்சகம் மூடுவதற்குள் அனுப்ப வேண்டுமே என்று கால் தரையில் நிற்காது.

அன்று வந்தவர் அனந்தபுரத்துக்காரர். அப்பா இறந்து, மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் பெரிதாகப் போட்டு முடித்த நேரத்தில் அவருடைய தங்கை வந்து நின்றாள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால் ஒன்பது வருஷமாக வீட்டில் சேர்க்கப்படாதவள்.

"எம்பேரையும் போடச் சொல்லுண்ணா. நைனாவுக்கு நானும் பொண்ணுதானே?"

அவர் திரையில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், "சரி, போட்டுடுப்பா" என்றார். அவள் அழுதேவிட்டாள். இடமில்லாததால் கறுப்புப் பின்னணியில் கடைசி வரியாக, பொடி வெள்ளை எழுத்தில் அவள் பெயரைத் திணித்தேன்.

திரையின் நிறத்தை அச்சுக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர் கறுப்பை நாலு மையாகப் பிரித்துவிடும். அச்சில் ஒரு மை மயிரிழை விலகினாலும் பொடி எழுத்து அடைத்துக்கொள்ளும். அதனால் கறுப்பைக் கறுப்பு மையில் மட்டும் நிறுத்த வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. அன்று அவசரத்தில் மறந்து தொலைத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர். மற்ற பெயர்கள் பளிச்சென்று இருந்தன. கடைசி வரி வெறும் அழுக்கு. அதன் எதிரில் அவள்.

"அழிக்கச் சொல்லிட்டாரா தம்பி? மூஞ்சிக்கு நேரா சரின்னுட்டு?"

"ஐயோ, இல்லக்கா! என் தப்பு. மை விலகிடுச்சு."

"அவங்க பேரெல்லாம் வெலகலியே."

என் மேலேயே அப்படியொரு ஆத்திரம். "இங்கயே இருங்கக்கா, இதோ வந்துடறேன்" என்று கடைக்கு ஓடினேன். கறுப்பைத் தனி மையாக்கி, அச்சகத்துக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, புதிதாக அடித்து வாங்கி வந்தேன். அவள் இல்லை. தன் ஊருக்கே திரும்பி பஸ் ஏறிவிட்டதாகப் பூக்காரம்மா சொன்னார்.

பழையதன் மேல் புதியதை ஒட்டினேன். அவள் பெயர் சுத்தமாகத் தெரிந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார்.

"காரியம் ஆரம்பிக்கப் போவுது, அவளக் காணோம். பேரு போட்டும் வரல பாத்தியா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்தார், அதில் பெயர்களைத் தேய்த்துத் தேடிக்கொண்டே இருந்தார்.

"அவ நம்பர் உங்கிட்ட இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.