ஜீப்பிலிருந்து இறங்கிய ஷிஜி

ஷிஜி எட்டாம் வகுப்பு. வீடு சூரியநெல்லி எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்டேட் பிள்ளைகளை ஏற்றிவருவது ஜிஜோவின் ஜீப். அவர் பாட்டை அலறவிட்டால் பின்னால் நடப்பது எதுவும் அவருக்குக் கேட்காது.

பின்சீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் உதட்டுக்கடியில் புகையிலை வைக்கப் பழகியிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஷிஜியோடு படிக்கும் ஜோமோளும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாள். அதிலிருந்து ஷிஜிக்கு மதியச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அந்த ஜீப்பில் ஏற வேண்டுமே என்ற நினைப்புதான்.

எக்சைஸ் அதிகாரி ஒருவர் பள்ளியில் போதைப் பழக்கம் பற்றி வகுப்பு எடுத்திருந்தார். "வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. காரணம் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. அங்கிருந்து போயிருங்க" என்றார். ஓடுகிற ஜீப்பிலிருந்து எங்கே போவது என்று ஷிஜி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

மழை மூடிய ஒரு நாள், ஜோமோளே பொட்டலத்தை நீட்டினாள்.

"ஒண்ணும் பண்ணாதுடி. ஒரே ஒரு தடவை."

"வேண்டாம்."

"அப்ப இனிமே எங்கூடப் பேசாத."

மூத்தவள் ஒருத்தி ஷிஜியின் தாடையைப் பிடித்தாள். "வாயத் தொறடி. வீட்ல சொன்னேன்னு வை, நீதான் கொண்டுவந்தேன்னு எல்லாரும் சொல்லுவோம்."

ஷிஜி அந்தக் கையைத் தட்டிவிட்டு ஜீப்பின் தகரத்தில் ஓங்கி அடித்தாள். "ஜிஜோண்ணே, நிறுத்துங்க!"

வாந்தி வருகிறதோ என்று அவர் நிறுத்தினார். அவள் குதித்துத் தேயிலைக்குள் ஓடினாள். அவர் கூப்பிடக் கூப்பிடப் பனிமூட்டம் அவளை மறைத்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் கிளை முறியும் சத்தம். பிறகு யானை வாடை. மூட்டத்துக்குள் கருப்பாய் ஒரு முதுகு அசைந்தது. ஷிஜி செடிகளுக்கடியில் குப்புறப் படுத்தாள். ஜெபம் மறந்துபோனது. "மாதாவே, மாதாவே" என்று உதடு மட்டும் அசைந்தது. காலில் அட்டை ஏறியும் கையை நீட்டவில்லை. யானை பள்ளத்தில் இறங்கிப்போன பிறகும் எழுந்திருக்க முடியவில்லை.

ஜிஜோ போய்ச் சொல்லி, அப்பா சூசையப்பன் ஆட்களோடு தேடிவந்தார்.

"ஏட்டி, ஆனை நிக்கிற எடத்துல எதுக்கு எறங்குன?" அவர் அவள் காலிலிருந்த அட்டையைப் பிய்த்தெறிந்தார்.

படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "பள்ளிக்கூடத்துக்குப் போவேம்ப்பா. அவங்ககூட மட்டும் உக்கார மாட்டேன்."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அவளோடு பள்ளிக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் பேசினார். அந்தப் பெண்களின் வீட்டாரை வரவழைத்தார்கள். ஜிஜோ ஷிஜியை முன்சீட்டுக்கு மாற்றினார். ஆனாலும் பின்னால் யாராவது சிரித்தால் அவள் முதுகு விறைத்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் ஜோமோள் முன்சீட்டில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"மொத நாளே எனக்குத் தல சுத்திச்சுடி. வேண்டாம்னா என்னையும் ஒதுக்கிருவாங்கன்னு பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"எனக்குந்தான்," என்றபடி ஷிஜி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். "எங்கிட்டப் பேசிக்கிட்டே வா."