செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

எங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்றால் முன்பெல்லாம் அது பொம்பளைகள் கூட்டம்தான். தேதி குறித்து நோட்டீஸ் ஒட்டுவார்கள். அந்தத் தேதியில் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் கடலுக்குள் இருப்பார்கள். நாங்கள் போய், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, டீ குடித்துவிட்டு வருவோம். ஒருமுறை நான் எழுந்து, பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்றேன். "வீட்டுல ஆம்பளையாள வரச் சொல்லுங்க, பேசுவோம்" என்று பதில் வந்தது. "நடுக்கடல்ல போயி கூட்டியாரவா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கதவு மட்டும் வரவில்லை.

கதவு வந்தது என் வீட்டுக்காரர் கழகத் தலைவரான பிறகுதான். அவர் செய்த முதல் வேலை, கூட்டத்தின் கிழமையை மாற்றியது. எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் இன்ன கிழமை போகலாம், நாட்டுப்படகுகள் இன்ன கிழமை போகலாம் என்று ஏற்பாடு உண்டு. எங்கள் ஊரில் முக்கால்வாசி விசைப்படகு ஆட்கள். திங்கட்கிழமை போனால் செவ்வாய் காலையில் கரை திரும்புவார்கள். மீனை இறக்கிவிட்டுக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வர நேரம் இருக்கும். "செவ்வாக்கெழம வச்சா ஒருத்தன் தப்ப முடியாது" என்றார். மீன் ஏலம் போடுகிற மைக்கிலேயே கூட்டத்தையும் அறிவிக்க ஏற்பாடு செய்தார். அப்பன்மார் வந்தார்கள். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள் என்றாலும் வந்தார்கள்.

அவருக்கு அப்படி ஒரு வேகம் வரக் காரணம் எங்கள் மகள். அந்த வருஷம் அவள் பத்தாவது. எங்கள் பள்ளி பத்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பஸ் ஏறி வெளியூர் போக வேண்டும். திரும்பி வரும் பஸ் இருட்டிய பிறகுதான் ஊருக்குள் வரும், வராத நாளும் உண்டு. பெண்பிள்ளைகளை அந்த பஸ்ஸில் அனுப்புவதில்லை என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு. யார் போட்டது, எப்போது போட்டது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதே பள்ளியில் பத்தாவது படித்துவிட்டு அதோடு வீட்டில் உட்கார்ந்தவள்தான். என் மகளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு பயாலஜி குரூப் வேண்டும். அது எங்கள் பள்ளியிலேயே வந்துவிட்டால் பஸ்ஸும் வேண்டாம், கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

பள்ளியை மேல்நிலையாக உயர்த்தக் கேட்டு நடையாய் நடந்தது இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் அவருடைய கூட்டாளி, வேறொரு படகில் வேலை பார்த்தவர். அவருடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்ச். கடலுக்குப் போகாத நாளெல்லாம் இரண்டு பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். "மாமியார் வீட்டுக்குக்கூட இப்படிப் போனதில்ல" என்று நாங்கள் கேலி செய்வோம். கடைசியில், பள்ளியை நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. திங்களா, செவ்வாயா, எது வசதி என்று தலைமையாசிரியையிடம் கேட்டிருந்தார்கள். அவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இதென்ன டீச்சர் கேள்வி? செவ்வாதான். ஊரே வந்து நிக்கும்" என்றார் இவர்.

கூட்டாளிக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் பேசக் கொடுத்திருந்தார்கள். "எங்க பிள்ளைக இங்கனயே படிக்கணும் சார்." அவ்வளவுதான். அதை அவர் வலை பின்னும்போதும் சொல்லிப் பார்த்தார், சாப்பிடும்போதும் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னிடமும் சொல்லிக் காட்டினார். "சார மொதல்ல சொல்லணுமா, கடைசில சொல்லணுமா தங்கச்சி?" என்று கேட்டார். எங்கே சொன்னாலும் அவர் சார்தான் என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் கோலம், வாடகை நாற்காலி, மைக். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ரிப்பன் மடித்துக் கட்டி, பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரியின் ஜீப் வந்தது. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலைமையாசிரியை அவரை அறைக்குள் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார். குளித்து முடித்த அப்பன்மார் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கூட்டாளியின் படகு மட்டும் இன்னும் கரைக்கு வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் பிந்துகிறது என்றுதான் நினைத்தோம்.

அப்போது கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணிக்கும் கடல் ஆளை எடுத்துக்கொண்டால் அடிக்கிற மணிக்கும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். அது நிற்காமல் அடிக்கும். அதைக் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஊரே கரைக்குப் போக வேண்டும். கைப்பிள்ளைக்காரியும் போக வேண்டும், படிக்கிற பிள்ளையும் போக வேண்டும். தேடப் போகிற படகுகள் திரும்பிப் பார்த்தால் கரை நிறைந்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் ஓடினார். நாற்காலியெல்லாம் காலியாகிவிட்டது.

நான் பத்தாம் வகுப்பு வாசலில் நின்றேன். கரைக்குப் போன வேகத்தில் அவர் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டாளியின் படகு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. இருட்டில் வலை இழுக்கும்போது தவறி விழுந்திருக்கிறார்.

தலைமையாசிரியை அவர் குறுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தலைவரே, ஒரு அரை மணி நேரம். சார் பிள்ளைகளப் பார்த்துட்டுப் போயிரட்டும். அப்புறம் நானே எல்லாரையும் கரைக்குக் கூட்டிட்டு வாரேன். இன்னைக்கு விட்டா இந்த வருஷம் போச்சு."

அவர் வகுப்புக்குள் பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் என் மகளும் அவள் சிநேகிதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எதுவும் தெரியாது. "யாரு மாமா?" என்று கேட்டது. அரை மணி நேரம் அந்தப் பிள்ளையை ரிப்பனும் சிரிப்புமாக ஓர் அதிகாரியின் முன்னால் உட்காரவைத்திருக்க எவனால் முடியும்? என் வீட்டுக்காரரால் முடியவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க தாயி. கரைக்குப் போவோம்" என்றார்.

எழுந்தார்கள். அந்தப் பிள்ளையின் கையை என் மகள் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதிகாரி வெளியே வந்து காலி வகுப்பைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை வரைக்கும் வந்து கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். "இன்னொரு நாள் வர்றேம்மா" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அந்த வருஷம் உயர்த்திய பள்ளிகளில் எங்கள் பள்ளி இல்லை. கூட்டாளியின் உடல் பிறகு தேவிபட்டினம் பக்கம் ஒதுங்கியது.

என் வீட்டுக்காரர் செய்தது சரியா என்று ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். என்னைக் கேட்டால் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சரியாகச் செய்த காரியம் ஒரு வீட்டை இப்படி அறுக்குமா என்றும் கேட்பேன். அவர் மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம வச்சிருக்கணும். கடலுக்குப் போன அன்னைக்கு ஒரு சேதியும் வராது. படகு திரும்புற அன்னைக்குத்தான எல்லாச் சேதியும் வரும். கடக்கரையில பொறந்த எனக்கு இது தெரியாமப் போச்சே." அப்பன்மார் நிறைய வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதரை நான் என்ன சொல்லித் தேற்ற?

ரிசல்ட் வந்தது. இரண்டு பிள்ளைகளும் நல்ல மார்க். என் வீட்டுக்காரர் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பஸ்ஸில் போய்ப் படி என்றார். மகள்தான் மாட்டேன் என்றாள். சிநேகிதி றால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை. "அவள விட்டுட்டு நான் மட்டும் எப்படிம்மா போவேன்?" என்று கேட்டவள், அடுத்த வாரமே அவளோடு கிளம்பிவிட்டாள். கம்பெனி வேன் வாசலுக்கே வரும். இருட்டிய பிறகுதான் திரும்பும். படிக்கப் போனால் பஸ் ஆகாது, றால் உரிக்கப் போனால் வேன் ஆகும். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு அவ்வளவு கெட்டிக்காரக் கட்டுப்பாடு.

இரண்டு வருஷம் கழித்துப் பள்ளி மேல்நிலையானது. பயாலஜி குரூப்பும் வந்தது. கழகத்துக்கு இப்போது வேறு தலைவர். குரூப் தொடங்கப் பிள்ளைகள் குறைவாக இருந்ததால் தலைமையாசிரியை வீடு வீடாக வந்தார். ஒரு காலை எங்கள் வீட்டுக்கும் வந்தார். மகள் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். டீச்சரைக் கண்டதும் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் ஒண்ணும் பெரிசில்லம்மா. நீங்க ரெண்டு பேருமே வந்து சேருங்க" என்றார் டீச்சர்.

அவள் சிரித்தாள். "அவளுக்குப் பாக்க வீடு இருக்கு டீச்சர். நானும் படிச்சதெல்லாம் மறந்துட்டேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அவர் மகளிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "போ தாயி. அய்யாவுக்காகப் போ. அந்தப் பிள்ள வீட்ட நான் பாத்துக்கிறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது. "அன்னைக்கு எல்லாரையும் எந்திரிங்கன்னு சொன்னீங்கள்லய்யா" என்றாள். "நான் அன்னைக்கே எந்திரிச்சு வந்துட்டேன்."

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. அவர் உள்ளே போய் அவளுடைய டிபன் பாக்ஸை எடுத்து வந்து, வேன் வரைக்கும் கூடவே நடந்தார். இப்போதும் கரையில் இருக்கிற நாளெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடக்கிறார்.