பேயாண்டியின் பேச்சும் பாண்டிமீனாவின் வாயும்

"உங்க பேரு என்னங்கய்யா?" என்று ஸ்ரீலட்சுமி கேட்டாள்.

"பேயாண்டிங்க மேடம்," என்றாள் பாண்டிமீனா.

கேள்வி அவளுக்கானது அல்ல. பக்கத்து நாற்காலியில், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கானது. பேயாண்டிக்கு வாதம் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, கம்பு இல்லாமலே நடந்தார். பேச்சுதான் வரவில்லை. மற்றவர்கள் சொல்வதெல்லாம் புரிந்தது. பதில் மட்டும் தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டது. அதற்காகத்தான் வண்டியூரிலிருந்து தல்லாகுளத்துக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீலட்சுமியைப் பார்க்க வந்திருந்தார்கள்.

ஊர் எது, பிள்ளைகள் எத்தனை பேர், என்ன தொழில் என்று அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் உடனுக்குடன் வந்தது, பாண்டிமீனாவிடமிருந்து. ஸ்ரீலட்சுமி சிரித்துக்கொண்டே அவளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னாள். போய் உட்கார்ந்தாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. காலையில் குடித்தது டீயா காப்பியா என்று உள்ளே கேட்பது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பாண்டிமீனாவும் பொறுத்துத்தான் பார்த்தாள்.

"டீதான் மேடம், சீனி போடாம," என்றாள் வெளியிலிருந்தபடியே.

அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற ஊரில் ஆடு மேய்த்து வளர்ந்தவள். ஒன்று கேட்டால் இவள் பதில் சொல்வதற்குள் ஆடு அடுத்த காட்டுக்குப் போய்விடும் என்று வீட்டில் திட்டுவார்களாம். அப்படிப்பட்ட பெண்ணைத்தான் கல்யாணமான மறுமாதமே பேயாண்டி பூ மார்க்கெட்டுக்கு அழைத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

பூ மார்க்கெட்டில் யோசிக்க நேரம் கிடையாது. மல்லிகை மொட்டு விரிந்துவிட்டால் பாதி விலை. விடியலில் ஒரு ரேட்டு, வெயில் ஏறினால் வேறு ரேட்டு. எதிரே வந்து நிற்கிறவன் கோயிலுக்கு வாங்குகிறானா, மண்டபத்துக்கா, தெருவில் முழம் போட்டு விற்கவா என்பதை அவன் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அவன் கேட்டு முடிக்கிற வரை காத்திருந்தால் பக்கத்துக் கடைக்காரன் அவன் கையில் பையைக் கொடுத்து அனுப்பியிருப்பான். முதல் வருஷம் முழுக்க பாண்டிமீனா அழுதாள். பிறகு பழகினாள். அதற்கும் பிறகு அது பழக்கமாக இல்லை, அவளே அதுவாக ஆகிவிட்டாள். மதினி மற்றவர்கள் வாயிலிருந்தே பேச்சை எடுத்துவிடுவார் என்று கொழுந்தன் காளை பெருமையாகச் சொல்வான். அவனும் அதே கடையில்தான் இருந்தான்.

கடையில் லாபம் தந்த அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்தது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கனகலட்சுமி ஃபோனில், "அம்மா, இந்த வாரம்..." என்று ஆரம்பித்தால், "வாரியா? வா வா, கோழி எடுத்து வைக்கிறேன்," என்று முடித்துவிடுவாள். மகள் வர முடியாது என்று சொல்ல வந்திருப்பாள்.

மார்க்கெட் பேயாண்டிக்குச் செய்தது வேறு. நடுச்சாமத்தில் எழுந்திருப்பது, வெறும் வயிற்றில் டீக்கு மேல் டீ, பீடி, பதினோரு மணிக்கு முதல் சோறு, மத்தியானம் அரைத் தூக்கம். பிரஷர் மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொண்டார். வலிக்காத நாளில் அது எதற்கு என்பது அவர் கணக்கு. ஒருநாள் காலை சம்பங்கி மூட்டைமேல் சாய்ந்தார். அங்கே மூட்டையில் சாய்ந்து கண்ணயர்வது எல்லோரும் செய்கிற காரியம் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு யாரும் கவனிக்கவில்லை. வருகிற போகிற முகத்தையெல்லாம் படிக்கிற பாண்டிமீனா இரண்டடி தள்ளி உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஸ்ரீலட்சுமி அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டாள். பேயாண்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மூளையில பேச்சைப் பாத்துக்கிட்டிருந்த இடம் அடிபட்டுப் போச்சு. பக்கத்துல இருக்கிற இடம் அந்த வேலையக் கத்துக்கணும். வேலை குடுத்தாத்தான் கத்துக்கும். அய்யா தேடிப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிட்டா, அதுக்கு ஏது வேலை?"

"அவரு கஷ்டப்படுறதப் பாக்க முடியல மேடம்."

"அந்தக் கஷ்டம்தான் மருந்து. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். வீட்ல இப்படியே பழகிட்டா, பேசாம இருக்கிறதையும் மூளை கத்துக்கும்."

பாண்டிமீனாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இந்த மனுஷன் இனிமேல் ஆயுசுக்கும் கையைக் காட்டிக்கொண்டே இருக்கப்போகிறாரா? அதுவும் தன்னால்?

வீட்டில் முயன்று பார்த்தாள். அவர் தலையைத் திருப்பினால் ஃபேன் சுவிட்சுக்குக் கை போய்விட்டது. தொண்டையைச் செருமினால் தண்ணீர்ச் சொம்பு வந்துவிட்டது. போட்டுக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். சாயங்காலம் பார்க்க வந்த காளை கொஞ்ச நேரம் இதைக் கவனித்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணன் மண்டைக்குள்ள அடைப்புன்னுல்ல நெனச்சேன். அடைப்பு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடையா நடக்குது மதினி."

"ஒனக்கு டீ கெடையாது, கெளம்பு," என்றாள். அவன் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

யோசித்துப் பார்த்தால், நாள் முழுக்கப் பேசுகிற அவளும் வாயைக் கட்டுகிற இடம் ஒன்று உண்டு. பெரிய சரக்குக்கு ரேட்டைச் சொன்ன பிறகு கம்மென்று இருந்துவிட வேண்டும். வாங்குகிறவன் பூவைப் புரட்டுவான், உதட்டைப் பிதுக்குவான், போகிற மாதிரி திரும்புவான். அந்த நேரத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள்தான் இறங்க வேண்டிவரும். பாண்டிமீனா அதில் தோற்றதே கிடையாது. அந்த வித்தையை வீட்டில் காட்டினால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் காலை தட்டில் தோசையை வைத்தாள். சட்னியை வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, சரக்குக்கு ரேட்டுச் சொன்னவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். பேயாண்டி தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடது கையால் சட்னிக் கிண்ணத்தைக் காட்டினார். அவள் அசையவில்லை. "ச... ச..." என்றார். முகம் சிவந்தது. மறுபடி காட்டினார். கண்ணில் தண்ணீர் கட்டியது. பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

தன்னை அவள் கேலி செய்வதாக அவர் நினைத்துவிட்டார். அன்று முழுக்க அவள் கையால் எதையும் வாங்கவில்லை. காளை வந்து ஊட்டியதும்தான் சாப்பிட்டார். பாண்டிமீனா ஸ்ரீலட்சுமிக்கு ஃபோன் போட்டு, கடை வித்தையை வீட்டில் காட்டியதைச் சொல்லி, தனக்கு இதற்குப் பொறுமையும் இல்லை புத்தியும் இல்லை என்று அழுதாள். வியாபாரத்தில் எதிராளியை ஜெயிக்கத்தான் வாயை மூடுவீர்கள், இங்கே அவர் ஜெயிக்க வேண்டும் என்றாள் ஸ்ரீலட்சுமி. அப்புறம் அவர் அதிகமாகப் பேசிய இடம் எது என்று கேட்டாள்.

"வேற எங்க, மார்க்கெட்டுதான்."

"கூட்டிட்டுப் போங்க. கூட்டமில்லாத நேரமாப் பாத்து."

அதற்குப் பாண்டிமீனா தயங்கினாள். ஒரு காலத்தில் அவர் குரல் அந்தக் கொட்டகையின் மறுகோடி வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவர் அங்கே ஊமையாக நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டுமா? இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அந்த இரண்டு நாளும் அவர் ஒரு சத்தமும் எழுப்பவில்லை, கையைக்கூடக் காட்டவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள்.

வெயில் ஏறி மார்க்கெட் அடங்கியிருந்த நேரம். தரையெல்லாம் மிதிபட்ட செவ்வந்தி. பழைய ஆட்கள் அங்கங்கே இருந்து வந்து நலம் விசாரித்தார்கள். பதில் சொல்ல வாய் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவர்களை அனுப்பினாள். பேயாண்டி தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கடைக்கு ஒரு சாக்கு நிறைய கண்மாய்த் தாமரை வந்து இறங்கியிருந்தது. மற்ற பூவெல்லாம் நிறுத்துப் போடுவது, தாமரை மட்டும் எண்ணிப் போடுவது. எண்ணுவது எப்போதும் பேயாண்டியின் வேலை. காளை சாக்கை அவிழ்த்து அவர் முன்னால் கொட்டினான். ஃபோன் அடிக்கவே எழுந்து வெளியே போனான். பேயாண்டி கொஞ்ச நேரம் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வைத்த பூவைத் திரும்ப எடுத்துக் குவியலிலேயே போட்டார். மறுபடி எடுத்தார்.

அந்தக் கடையில் முதல் எண்ணிக்கையை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள், அடுத்தது ரெண்டு. முதல் நாள் ஸ்ரீலட்சுமி அவரை எண்ண வைக்க முயன்றபோதெல்லாம் ஒன்று என்று எடுத்துக் கொடுத்திருந்தாள். அது வரவே இல்லை. பாண்டிமீனாவின் நாக்கு நுனியில் 'லாபம்' நின்றது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"லா..." என்றார் பேயாண்டி. நிறுத்தினார். "லாபம்."

பூ தரையில் உட்கார்ந்தது.

"ரெண்டு." அது கொஞ்சம் சுலபமாக வந்தது. "மூணு. நா...லு." கை முன்னே போக வாய் பின்னாலேயே ஓடியது. ஏழு வரை வந்தார். எட்டாவது பூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இப்படிப் பழகின வாய்ப்பாடு வருவது நல்லது, ஆனால் அது இன்னும் பேச்சு ஆகாது, சொந்தமாக ஒரு வார்த்தை தேடி எடுக்க வேண்டும் என்று ஸ்ரீலட்சுமி முன்பே சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வந்து நின்றான். கையில் பெரிய கட்டைப் பை. கும்பாபிஷேகத்துக்கு வாங்க வந்தவன், குவியல் முழுவதையும் எடுப்பான் என்று பார்த்த மாத்திரத்தில் பாண்டிமீனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, தாமரை எம்புட்டு?"

அவள் அவனைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். கண் பேயாண்டியின் வாய்மேல் இருந்தது. அவன் இன்னொரு தரம் கேட்டான். அவள் திரும்பவில்லை.

"என்னக்கா, யாவாரம் பண்றீகளா, சாமி கும்புடுறீகளா?" என்றவன் பையை உதறிக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் நடந்தான்.

பேயாண்டி தலையைத் தூக்கினார். போகிறவன் முதுகைப் பார்த்தார், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தார். கையில் இருந்த பூவை அவன் பக்கம் ஆட்டினார். அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் முகம் கோபத்தில் கோணியது.

"ஏய்... போ... போறான்," என்றார். "ஆளு போறான்!"

"போகட்டும்ங்க," என்றாள் பாண்டிமீனா.