காற்றில் விழாத மரம்

வேதவல்லி டீச்சர் இறந்த செய்தியை அவர் மகன் சங்கராபுரத்திலிருந்து போனில் சொன்னான். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த புடவையையே மறுபடி மடிக்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்களோடு வேலை பார்த்த சிலருக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவது முறை.

எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் தமிழாசிரியை, நான் தலைமையாசிரியை. கான்வென்டில் படித்த எனக்கு வரிசை கோணினாலே பொறுக்காது. அவர் வகுப்பில் சத்தம் ஜாஸ்தி. கேட்டால், "பேசறதுக்குத்தாங்க தமிழு" என்பார்.

இடஒதுக்கீட்டுப் போராட்ட நாட்களில், கல்வராயன் மலையில் வாத்தியாராக இருந்த அவர் தம்பியைக் கடும் காய்ச்சலோடு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கச்சிராயபாளையம் அருகே போராட்டக்காரப் பையன்கள் சாலையை மறித்து வெட்டிப்போட்ட புளியமரம். தம்பி பிழைக்கவில்லை. பிறகு வேதவல்லி பெரிய வகுப்புப் பெண்களுக்காக ஒரு நாவல் எழுதினார், தம்பியை அப்படி இழந்த பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி. எங்கள் நூலகத்துக்கு ஐந்து பிரதிகள் தந்தார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அதை என் மேசையில் எறிந்தார்.

"இன்னாம்மா இது, எங்க பசங்க கொலகாரனுங்களா?"

"படிச்சீங்களாங்க?" என்றார் அங்கிருந்த வேதவல்லி.

"படிக்க வேற படிக்கணுமா? மரத்த வெட்டினாங்கன்னு கீதாமே!"

அவர் போனதும், 'வெட்டிய மரம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'புயலில் விழுந்த மரம்' என்று எழுதி நீட்டினேன். ஐந்து பிரதியிலும் இப்படித் திருத்திவிடலாம், ஒரு சொல்தானே என்றேன்.

வேதவல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மரத்தை வெட்டிய பையன்களே கோடாரியைப் போட்டுவிட்டு, தம்பியைத் தோளில் சுமந்து மறுபக்கம் ஓடுகிறார்கள்.

"காத்துல விழுந்த மரம்னா அங்க யாருங்க நின்னுகினு இருப்பாங்க? என் தம்பிய யார் தூக்கினாங்கன்னு எழுதறது?"

ஆனாலும் ஐந்து பிரதிகளையும் என் அலமாரியில் பூட்டினேன். நூலகப் பதிவேட்டில் 'மாணவிகள் நலன் கருதி நீக்கம்' என்று கையெழுத்திட்டேன். மறுநாள் வேதவல்லி வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓய்வு பெற்றபோது பிரதிகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

என் கணவர் இறந்தபோது வந்தவர்களிடமெல்லாம், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். வேதவல்லி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாங்க நடந்துது?" என்றார். குளியலறையில் விழுந்ததையும், நான் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத் தூக்கியதையும் சொன்னேன்.

"கதவ ஒடச்சவர விட்டுட்டு சொல்லாதீங்க," என்றார்.

நேற்று ஐந்து பிரதிகளோடு பள்ளிக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியையிடம் அவற்றைக் கொடுத்து, பழைய நூலகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, 'மாணவிகள் நலன் கருதி' என்பதை அடித்தேன்.

"ஐயோ, பழைய ரெக்கார்டும்மா!"

"என் கையெழுத்து. நான்தான் திருத்தணும்."

மேலே 'தலைமையாசிரியையின் பயத்தால்' என்று எழுதினேன். வேதவல்லியிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு திருத்தம். அதையும் அவர் உயிரோடு இருந்து பார்க்கும்போது எழுதவில்லை.