ஆலோசகர் வீட்டு ஜன்னல்

தெருவில் அவருக்கு 'ஆலோசகர்' என்று பெயர். யாரும் கேட்டு அவர் ஆலோசனை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் என்று அவர் காதுபட வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அன்றைய பொழுது போச்சு!

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஜன்னல்தான் சுண்ணாம்பு அடித்தாற்போல் உப்புக்கறை படிந்து வெளுத்துக் கிடந்தது. மாடி வீடு. படுக்கையறையில் திறக்க முடியாத பெரிய ஒற்றைக் கண்ணாடி, அதற்கு வெளியே பால்கனி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட மனைவி அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். படுத்தபடியே தெருவைப் பார்க்க வேண்டும், பாவம், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

"கவலைப்படாதே, இது என் டிபார்ட்மென்ட்" என்றார் அவர்.

தினமும் காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பால்கனிக்குப் போவார். போர் தண்ணீரை ஹோஸில் பிடித்துக் கண்ணாடிமேல் பீய்ச்சி அடிப்பார். துடைக்க மாட்டார். துணி பட்டால் கீறல் விழுமாம், வெயிலே காயவைத்துவிடுமாம். வெயில் காயவைக்கத்தான் செய்தது, உப்பை அப்படியே விட்டுவிட்டு. நாளுக்கு நாள் வெள்ளை தடித்தது. மனுஷன் அசருவாரா? "அழுக்கு இப்பத்தான் வெளியே வருது" என்றார்.

தெரு தெரியாத குறையை வாயால் தீர்த்துவைத்தார். சாயங்காலம் எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தால் கதை ஆறாக ஓடும்.

"விடவே மாட்டேங்கறாங்க. டீக்கடைக்காரன் எனக்குன்னே தனியா நாற்காலி போட்டு வச்சிருக்கான். மருந்துக்கடைக்காரர் பொண்ணோட படிப்புக்கு என்னைத்தான் யோசனை கேக்கறார். எல்லாரும் உன்னை விசாரிக்கறாங்க."

அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அலுவலகத்தில் பியூன்கூட மதிக்காத மனிதருக்குத் தெருவில் இவ்வளவு மரியாதையா என்று பெருமை தாங்காது. உலகத்தில் அவள் ஒருத்தி கண்ணுக்குத்தான் அவர் பெரிய மனிதர். அதுவும் போனால் அவரிடம் ஒன்றுமே இல்லை, அது அவருக்கும் தெரியும்.

அக்காவைப் பார்த்துக்கொள்ள மச்சினி வந்து சேர்ந்தாள். ஜன்னலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்தான், கண்ணாடியைக் கழுவுறீங்களா, உப்பு காயப்போடுறீங்களா?"

"சர்வீஸ் பூரா தண்ணியோடதாம்மா இருந்தேன்."

"தண்ணியோட இருந்தீங்க, துணியோட இல்லையே!"

அன்று சாயங்காலம் அவர் படி இறங்கியதுதான் தாமதம், பழைய பனியன் ஒன்றை வினிகரில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். பனியன் அத்தானுடையதுதான். ஊறியதும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தெடுத்தாள். கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை.

மனைவி தலையணையை நிமிர்த்திக்கொண்டு ஆவலாகப் பார்த்தாள். டீக்கடை தெரிந்தது. நாற்காலி எதுவும் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார், கையில் எப்போதோ காலியாகிப்போன கிளாஸ். பெஞ்சுப் பக்கம் நகர்ந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார், இவரைப் பார்த்தார், வந்த வேகத்தில் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் அங்கே படுத்திருந்த ஒரு நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாயும் எழுந்து போய்விட்டது.

படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் தலையணையைத் தாழ்த்திச் சாய்ந்துகொண்டாள்.

"அப்பப்பா, இன்னிக்கு என்னை விடவே..." என்று ஆரம்பித்தபடி உள்ளே வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார். எதிரே டீக்கடை பளிச்சென்று தெரிந்தது, கிளாஸ் கழுவுகிற கைவரைக்கும். அவர் முகம் செத்துப்போனது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"எப்படி அத்தான் என் வேலை?" என்றாள் மச்சினி.

மனைவி அவர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இவ துடைச்சது எனக்குப் பிடிக்கலைங்க, ஒரே கண்கூச்சம். நாளையிலேருந்து நீங்களே கழுவுங்க, உங்க முறைப்படி" என்றாள். "அது கிடக்கட்டும், சொல்லுங்க. இன்னிக்கும் நாற்காலி போட்டானா?"